குன்னூர் எலிகளும் என் தங்கை மகனின் விரல்களும்



போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் சுற்றியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சத்தம், வெளிச்சம், தொடுதல் தாங்கவில்லையென்றால் பி6 வைட்டமின் மாத்திரை போதும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே கண்டுபிடித்துவிட்டது என்று அதில் இருந்தது. பத்துப் பதினைந்து பேர் கைகூப்பும் படம் போட்டீர்கள். அன்று இரவே என் பழைய மாணவிகள் இருவர் போன் செய்து, "டீச்சர், என் கொழுந்தனுக்கு வாங்கிக் குடுக்கலாமுங்களா?" "என் பையனுக்குப் பத்தொன்பது வயசு டீச்சர், குடுக்கலாமா?" என்று கேட்டார்கள். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, இடைநிலை ஆசிரியையாக 34 வருடம் ஓட்டியவள். ஆனால் இந்த பி6 விஷயத்தைக் கடந்த இரண்டு வருடமாகத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அதற்குக் காரணம் என் தங்கை மகன். அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்க பெரிம்மா, மத்ததெல்லாம் எழுதுங்க" என்றான்.

அவனுக்கு இப்போது 31 வயது. குழந்தையிலேயே மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு திண்ணைக்கு ஓடுவான். குக்கர் விசிலுக்கு அழுவான். புதுச் சட்டை வாங்கினால் கழுத்து லேபிளைக் கத்தரித்தால்தான் போடுவான். பனியன் ஊரில் பிறந்துவிட்டு லேபிள் ஆகாது என்றால் எங்கே போவது! விசைத்தறிச் சத்தம் தாங்காமல் அவனுக்காகவே என் தங்கை வீடு மாறினாள். பள்ளியில் "ஊமக் குசும்பன்" என்று பேர் வாங்கினான். கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவர் ஆட்டிசம் என்று சொன்னபோது அவனுக்கு 27 வயது. சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அது கொழந்தைகளுக்கு வர்றதாச்சே?" குழந்தைகள் வளர மாட்டார்களா என்ன? உலகில் முதன்முதலாக அந்தப் பெயரில் மருத்துவ ஏட்டில் பதிவான சிறுவன் டொனால்ட் டிரிப்லெட் என்ற அமெரிக்கர். வளர்ந்து ஒரு வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், ஊர் ஊராகப் பயணம் போனார், 2023-ல் தமது 89-ஆவது வயதில் காலமானார்.

நம் பையனுக்கு வாய்த்த வேலை துணி செக்கிங். ரோல் ரோலாக வரும் துணியை வெளிச்சத்தில் ஓடவிட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு பார்க்கிற வேலை. அவன் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் பார்ப்பான். 160 ஜி.எஸ்.எம். துணிக்கும் 170-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தராசு இல்லாமல் விரலிலேயே சொல்வான். அவனை வேலைக்கு வைத்திருந்தவர், "இந்தப் பையன் தொட்டா போதுமுங்க, லேப் ரிப்போர்ட்டு வேண்டியதில்ல" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். லேபிள் உரசினால் உயிர் போகிற அதே தோல்தான் அவனுக்குச் சோறு போட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இப்போது கொஞ்சம் வரலாறு. வைட்டமின் கதையை எல்லோரும் வெளிநாட்டில் ஆரம்பிப்பார்கள். நமக்கு மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினாலே போதும்.

குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ல் தொடங்கியது. நாய்க்கடித் தடுப்பூசி நிலையம் என்றுதான் நம் மக்களுக்குத் தெரியும். அங்கே 1918-ல் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் பற்றி ஆராய ஆரம்பித்தார். தீட்டிய வெள்ளையரிசியையே தின்பவர்களுக்குக் கால் மரத்து, வீங்கி, நடக்க முடியாமல் போகிற நோய் அது. தவிட்டில் இருக்கிற பி1 வைட்டமின் போய்விடுவதால் வருவது. "வைட்டமின்" என்ற சொல்லே அப்போது பிறந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. காசிமிர் ஃபங்க் என்பவர் 1912-ல் வைத்த பெயர்.

மெக்கரிசன் செய்த எலிச் சோதனை புகழ்பெற்றது. இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு, அதாவது முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. மதராசிச் சாப்பாடு தின்ற எலிகள்தான் கடைசி. நம்மவர்களுக்குக் கோபம் வரலாம். அந்த "மதராசிச் சாப்பாடு" தீட்டிய அரிசியை மையமாகக் கொண்டது. நம் கொங்கு நாட்டில் அந்தக் காலத்தில் கம்பும் ராகியும் சோளமும்தானே! நெல்லுச்சோறு நோம்பிக்கு மட்டும். அதனால் எலிக்கு வந்த கேவலம் நம் பாட்டிகளுக்கு வராது என்று நான் சமாதானம் செய்துகொள்வேன்.

அந்த ஓரறை ஆராய்ச்சிதான் பின்னால் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குன்னூருக்கு டூர் கூட்டிப் போன எத்தனையோ வருடங்களில் சிம்ஸ் பூங்காவைக் காட்டினேனே தவிர, அந்தக் கட்டடத்தை யாருக்கும் காட்டியதில்லை. எனக்கே தெரியாதே!

1929-ல் குன்னூருக்கு இன்னொருவர் வந்தார். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் முதலில் பம்பாய்க்கு வந்தது கர்ப்பிணிப் பெண்களுக்கு வருகிற ஒருவகைக் கடுமையான ரத்தசோகையைப் பார்க்க. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பஞ்சாலையில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள். குன்னூரில் கொஞ்ச காலம், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் என்று விடாமல் அலைந்தார். கடைசியில் அந்தப் பெண்களைக் காப்பாற்றியது மலிவான ஈஸ்ட் சாறு. ரொட்டியில் தடவித் தின்கிற மார்மைட் என்பார்களே, அது. அதில் இருந்த பொருளுக்குப் பத்து வருடம் கழித்து ஃபோலிக் அமிலம் என்று பேர் வந்தது. இன்று நம் ஊர்க் கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரையின் பாட்டி அதுதான். நம்மைப்போல் ஆலைக்கும் கம்பெனிக்கும் போன பெண்களின் ரத்தத்திலிருந்து பிறந்த அறிவு என்று நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வைட்டமின் என்பது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. குறைவு இருக்கிற உடம்பில் அது போய்ச் சேர்ந்தால் செத்தவர் பிழைத்த மாதிரி. அந்த அதிசயத்தைப் பார்த்த தலைமுறைதான் "கொஞ்சம் கொடுத்தால் இவ்வளவு நல்லது, நிறையக் கொடுத்தால்?" என்று கேட்க ஆரம்பித்தது.

இப்போது பி6. 1934-ல் பால் கியோர்கி என்பவர் கண்டறிந்தார். 1938-ல் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். மருந்துச் சீட்டில் பைரிடாக்சின் என்று இருக்கும். மூளையில் குளூட்டமேட் என்று ஒரு பொருள் நரம்புகளைக் கிளப்பிவிடும். காபா என்று ஒரு பொருள் அடக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைச் செய்கிற நொதிக்கு பி6 துணை வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு குழந்தைப் பால் உணவைத் தயாரிக்கும்போது சூட்டில் பி6 அழிந்துவிட, அதைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. பி6 கொடுத்ததும் நின்றது. ஆக, பி6-க்கும் மூளையின் அமைதிக்கும் தொடர்பு உண்டு என்பது கற்பனை இல்லை. நம் வாட்ஸ்அப் தகவலுக்கு அடிவேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது நம் சென்னை. என் பெரியப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அவருக்கு டி.பி. வந்தது. பெருந்துறை சானடோரியத்தில் இருந்துவிட்டு வந்து வீட்டில் மாத்திரை தின்றார். "காலு ரெண்டும் மொளகாய் அரைச்சுப் பூசுன மாதிரி எரியுது" என்று ராத்திரியெல்லாம் தண்ணீர்ப் போசியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரு சின்ன மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள், எரிச்சல் போய்விட்டது. அது என்ன மாத்திரை என்று ஐம்பது வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. டி.பி.க்குக் கொடுக்கிற ஐசோநியாசிட் உடம்பிலுள்ள பி6-ஐப் பிடித்து வெளியே தள்ளிவிடும். உணர்ச்சி நரம்பு கெட்டு எரிச்சல், மரமரப்பு வரும்.

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் இதை முறையாகச் சோதித்து 1963-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியிட்டது. நரம்பைக் காக்க எவ்வளவு பி6 வேண்டும் என்று பார்த்தார்கள். நாளைக்கு 6 மில்லிகிராம் போதும் என்று கண்டார்கள். ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு மில்லிகிராம் கூடினாலும் செலவுதானே. அந்தச் சிக்கனத்தில் ஒரு பெரிய உண்மை கிடைத்தது. இந்த 6 என்ற எண்ணையும் நினைவில் வையுங்கள்.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல ஆட்டிசம் என்ற பேர் வந்த இடத்துக்குப் போக வேண்டும்.

பால்டிமோரில் லியோ கன்னர் என்ற மருத்துவர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் தொடக்கம் என்பார்கள். அதற்கு முன்னாலேயே 1925-ல் மாஸ்கோவில் க்ருன்யா சுகாரேவா என்ற பெண் மருத்துவர் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதிவிட்டார். பெண் எழுதியதை உலகம் மறந்துவிட்டது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கன்னரின் கட்டுரையில் ஓர் இடம் இருக்கிறது. லிஃப்ட், தூசி உறிஞ்சும் மெஷின், குழாய்த் தண்ணீர், முட்டை அடிக்கிற கருவி, காற்று, இதற்கெல்லாம் அந்தக் குழந்தைகள் பயந்து நடுங்கின என்று எழுதுகிறார். எழுதிவிட்டு, சத்தம் காரணம் இல்லை, தன் தனிமைக்குள் ஒன்று நுழைவதுதான் காரணம் என்று முடித்துவிடுகிறார். அந்தக் குழந்தையே அதே அளவு பெரிய சத்தம் போடுகிறதே என்பது அவர் வாதம். கண் முன்னால் இருந்த உண்மையைப் பார்த்தும் பார்க்காமல் விட்டார். புலன்களின் மிகையுணர்ச்சி அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக ஏறியது 2013-ல். எழுபது வருடம்!

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 1990-களில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மணி அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். மணி கட்டியிருந்த தூணுக்குப் பக்கத்தில்தான் என் வகுப்பு. திமிர் என்று நினைத்தேன். "பழகிக்கோ" என்று அவனையே மணி அடிக்கும் வேலைக்கு வைத்தேன். ஒரு வாரம் அடித்தான். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. இதைப் படிக்கிறவர்களில் அந்த வகுப்பில் இருந்தவர்கள் உண்டு, உங்களுக்கு நினைவிருக்கும். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். கன்னருக்குப் பிறகு இருபது வருடம், தாயின் பாசமின்மைதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மேதைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டித் தாய் என்று பேர் வேறு. அதை உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர். அவர் மகனுக்கும் ஆட்டிசம். 1964-ல் அவர் எழுதிய புத்தகம், இது உயிரியல் காரணத்தால் வருவது, தாயைப் பழிக்காதீர்கள் என்று நிறுவியது. எத்தனையோ தாய்மார்களின் மானத்தைக் காப்பாற்றிய மனிதர். அதை மறக்காமல்தான் அடுத்ததை எழுதுகிறேன்.

பெற்றோர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். இந்த வைட்டமின் கொடுத்தேன், பிள்ளை பேசினான். அதைக் கொடுத்தேன், தூங்கினான் என்று. 1968-ல் நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் வேறு, மனநோய்களுக்கு அதிக அளவு வைட்டமின் தீர்வாகலாம் என்று பிரபல அறிவியல் ஏட்டில் எழுதினார். காலமே அப்படி. ரிம்லாண்ட் பி6-ஐப் பிடித்துக்கொண்டார். 1978-ல் வந்த அவருடைய ஆய்வில் 16 குழந்தைகள். அவர்களும் முன்பே பி6-ஆல் நல்ல பலன் தெரிந்ததாகச் சொல்லப்பட்ட குழந்தைகள். மாங்காய் பிடிக்கும் என்று கை தூக்கியவர்களை மட்டும் கூப்பிட்டு மாங்காய் பிடிக்குமா என்று கேட்டது போல என்று எனக்குத் தோன்றும். பிறகு பிரான்சில் லெலோர் என்பவரின் குழு மெக்னீசியம் சேர்த்துப் பல ஆய்வுகள் செய்தது. மெக்னீசியம் ஏன் சேர்த்தார்கள் தெரியுமா? வெறும் பி6-ஐ அதிக அளவில் கொடுத்தால் சில குழந்தைகளுக்கு எரிச்சல் குணம், படுக்கையில் சிறுநீர், சத்தம் தாங்காமை வருகிறது என்று ரிம்லாண்டே எழுதியிருக்கிறார். சத்தம் தாங்க முடியாதவர்களுக்கு என்று இன்று விற்கிற மாத்திரைக்கு இப்படி ஒரு பழைய குறிப்பு இருக்கிறது!

2005-ல் காக்ரேன் அமைப்பு உலகமெங்கும் நடந்த பி6-மெக்னீசியம் ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தது. தரம் தேறியவை மூன்று. மூன்றிலும் சேர்த்து மிகச் சிலரே. பரிந்துரைக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். நாற்பது வருட நம்பிக்கையின் ஆதாரம் அந்தச் சிலர்தான். நம் பள்ளியில் ஒரு வகுப்புக்கூட இல்லை.

இதற்கு நடுவில் 1983-ல் நியூயார்க் நரம்பியல் மருத்துவர் ஹெர்பர்ட் ஷாம்பர்க்கும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏழு பேர், எல்லோரும் பெரியவர்கள். நாளைக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 தின்றவர்கள். நடை தடுமாறியது, பாதம் மரத்தது, கை சொன்னபடி கேட்கவில்லை. கெட்டது உணர்ச்சி நரம்பு. என் பெரியப்பாவுக்கு பி6 குறைந்ததால் கெட்ட அதே வகை நரம்பு, இவர்களுக்கு பி6 மிஞ்சியதால் கெட்டது. கிராம் கணக்கில் தின்றால்தானே என்று அன்று நினைத்தார்கள். பிறகு அதைவிட மிகக் குறைந்த அளவிலும், மாதக்கணக்கில் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு வருவது தெரிந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் பெரியவர்களுக்கான மேல்வரம்பை நாளைக்கு 12 மில்லிகிராம் என்று குறைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பாட்டிலிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும். அமெரிக்காவில் இன்னும் 100 என்றே இருக்கிறது. சேத்துப்பட்டு சொன்ன 6 எங்கே, இந்த 100 எங்கே!

சரி, அந்த வாட்ஸ்அப் தகவல் பொய்யா? முழுப்பொய் இல்லை, அதுதான் சிக்கல். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகம் 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 300-க்கும் மேற்பட்ட இளைஞர்களுக்கு ஒரு மாதம் பி6, அல்லது பி12, அல்லது வெறும் மாத்திரை. பி6 அளவு 100 மில்லிகிராம். பி6 எடுத்தவர்களுக்குப் பதற்றம் கொஞ்சம் குறைந்தது. கண்பார்வைச் சோதனை ஒன்றில் மூளையின் அடக்கும் வேலை கொஞ்சம் கூடியதுபோல் தெரிந்தது. நான் மேலே சொன்ன காபா கணக்குதான். நல்ல ஆய்வு. ஆனால் அது ஆட்டிசம் உள்ள பெரியவர்களை வைத்துச் செய்த சோதனை இல்லை. மிக்சிச் சத்தமோ லேபிள் உரசலோ தாங்க முடிகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு மாதத்தோடு நின்றது. நம்மூர்க் குழுவுக்கு வருவதற்குள் "கொஞ்சம்" போய்விட்டது, "ஒரு மாதம்" போய்விட்டது, "ஆட்டிசம்" வந்து ஒட்டிக்கொண்டது.

என் தங்கை மகனுக்கும் இப்படித்தான் ஒரு தகவல் வந்தது. யார் அனுப்பினார்கள் என்று எழுதப் போவதில்லை, நல்லெண்ணத்தில் அனுப்பியதுதான். ஆன்லைனில் வெளிநாட்டு பாட்டில் வாங்கினான். மாத்திரைக்கு 100 மில்லிகிராம். காலை, மதியம், இரவு. அதுபோக வீட்டில் எப்போதும் இருக்கிற பி காம்ப்ளெக்ஸ். எதையும் ஒழுங்கு தவறாமல் செய்கிற பையன் அவன், ஒரு வேளைகூட விடவில்லை. முதல் இரண்டு மாதம், "சத்தம் கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருக்குதுங்க பெரிம்மா" என்றான். அது மாத்திரையா, அந்தச் சமயம் கம்பெனியில் கம்ப்ரசரை வெளியே மாற்றி வைத்தார்களே, அதுவா என்று இன்றும் எங்களால் சொல்ல முடியவில்லை.

ஒன்றேகால் வருடம் ஆனது. ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். திண்ணையில் உட்கார்ந்து என் சேலைத் தலைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "துணி தெரிய மாட்டேங்குதுங்க பெரிம்மா" என்றான். என்ன சொல்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் சொன்னான், "கைக்குத் துணி தெரிய மாட்டேங்குது." அந்த வாரம் அவன் பாஸ் செய்த ஏழு ரோல் திரும்பி வந்திருந்தது. செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் வெறுங்காலில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்திருக்கிறான். தார் ரோட்டில் கொப்புளம்.

கோயம்புத்தூரில் நரம்பு மருத்துவர், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார். அவர் முதலில் படித்தது பாட்டில்களைத்தான், பிறகுதான் அவனைப் பார்த்தார். ரத்தத்தில் பி6 எக்கச்சக்கம். அன்றே நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று வாரம் இன்னும் கூடும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். அப்படியே கூடியது. அவர் மட்டும் சொல்லியிருக்காவிட்டால், "மாத்திரையை நிறுத்துனதாலதான் கெட்டுது" என்று நாங்களே மறுபடி ஆரம்பித்திருப்போம்.

இன்னொன்றும் அந்த ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. வைட்டமின் டி உண்மையிலேயே குறைவு. பன்னிரண்டு மணி நேரம் குடோனுக்குள் இருப்பவனுக்கு வெயில் எங்கே? பி12-ம் குறைவான பக்கம்தான். அவன் சாப்பாடு வெள்ளை இட்லி, தயிர்சாதம், ஒரே பிராண்டு பிஸ்கட். காயின் வழவழப்பு வாய்க்கு ஆகாது. இங்கேதான் நாம் தலைகீழாகப் பார்த்துவிட்டோம். வைட்டமின் குறைவதால் புலன் கூசுகிறது என்று தேடிக்கொண்டிருந்தோம். புலன் கூசுவதால் சாப்பாடு சுருங்கி வைட்டமின் குறைகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இரண்டு மூன்று உணவையே தின்று, வைட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி வந்து நடக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்த செய்திகள் பணக்கார நாட்டு மருத்துவ ஏடுகளிலேயே இருக்கின்றன. அந்தக் காலத்துக் கப்பல் மாலுமிகளுக்கு வந்த நோய்! இப்படிப்பட்டவர்களுக்குப் பரிசோதனை செய்து, குறைந்ததைக் குறைந்த அளவுக்குக் கொடுப்பது அவசியம். அவனுக்கு இப்போது டி-யும் பி12-ம் மருத்துவர் சொன்ன அளவில் போகிறது. அதனால் மிக்சிச் சத்தம் குறையவில்லை. உடம்பு அசதி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிலர் கேட்பீர்கள், 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் லியூகோவோரின் என்று ஏதோ அறிவித்தார்களே என்று. அது ஃபோலிக் அமிலத்தின் உறவு, லூசி வில்ஸ் வழிவந்தது. மூளைக்கு ஃபோலேட் போய்ச் சேராத அரிய குறைபாட்டுக்கு மருத்துவர் சீட்டில் கொடுக்கிற மருந்து. ஆய்வுகளும் பெரும்பாலும் சிறு குழந்தைகளிடம். கடையில் கிடைக்கிற ஃபோலிக் அமில மாத்திரையும் அதுவும் ஒன்றல்ல.

சத்தத்துக்கு அவனுக்கு உதவியது என்ன என்று இரண்டு மாணவிகளும் கேட்டீர்கள். தறிக்காரர்களும் நெசவு ஆலைக்காரர்களும் போடுகிற காதுமூடி, ஆன்லைனில் கிடைக்கிறது. துடிக்கிற பழைய டியூப்லைட்டை மாற்றியது. கேண்டீனுக்குக் கூட்டம் குறைந்த பிறகு போக அனுமதி. லேபிளுக்குப் பதில் கழுத்தில் அச்சடிக்கிற டேக்லெஸ் பனியன், நம் ஊரிலேயே கோடிக்கணக்கில் தயாராகிறது. எக்ஸ்போர்ட் மிச்சத்தில் அவனுக்கு ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறோம். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் ஆட்டிசம் இருக்கிறது. அடையாள அட்டைக்கு வயது தடையில்லை. அவனுக்கு 29 வயதில் வாங்கினோம்.

நிறுத்தி பதினாறு மாதம் ஆகிறது. கை முக்கால்வாசி வந்துவிட்டது. கால்விரல் நுனி இன்னும் வரவில்லை. வருமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. செக்கிங்கில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள், இவன் இப்போது பேக்கிங்கில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டிலிருக்கிற துண்டுத்துணிகளைப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டு ஜி.எஸ்.எம். சொல்வான். நான் அட்டையில் எழுதி வைத்ததைப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். போன ஞாயிறு பத்துக்கு ஆறு.

பாட்டில் வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பைரிடாக்சின், பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு, பைரிடாக்சல் பாஸ்பேட், பி-5-பி என்று எந்தப் பேரில் இருந்தாலும் அது பி6-தான். சத்துமாவு டப்பா, எனர்ஜி பானம், நரம்பு மாத்திரை எல்லாவற்றிலும் பாருங்கள், கூட்டிப் போடுங்கள். கூட்டல் கணக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தானே. டி.பி. மருந்தோ வலிப்பு மருந்தோ சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழுந்தனுக்காகக் கேட்ட மாணவி அனுப்பிய படம் நேற்று வந்தது. கூட்டிப் பார்த்தேன். 220 மில்லிகிராம். இன்று காலை எட்டு மணிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.